தலையசைப்பு

ரூசே நகரில் இருபத்தாறு வருஷம்
டிராலி பேருந்து ஓட்டினேன்.
கூரைமேல் இரண்டு கொம்பு,
கொம்புக்கு மேலே மின்கம்பி.
வளைவில் வேகம் கூடினால்
கொம்பு கம்பியை விட்டு எகிறும்.
வண்டியில் பழுதில்லை,
கம்பியில் மின்சாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.
ஆனாலும் நடுரோட்டில்
விளக்கணைந்து நிற்போம்,
பயணிகள் எல்லோரும் என் முதுகைப் பார்த்தபடி.

இறங்கிப் பின்னால் போய்
கயிற்றை இழுத்துக் கொம்பை மாட்டுவேன்.
மூன்று நிமிஷ வேலை.

மார்ச்சில் மாரடைப்பு.
மணிக்கட்டு வழியே நுழைந்து
ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள்.
ஜூனில் எக்கோ எடுத்த டாக்டர்
"இளைஞனின் இதயம், ஸ்தாமென்!" என்றார்.
நன்றி சொல்லி வெளியே வந்து
மருத்துவமனைப் படியில்
ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.
வீடு எந்தப் பக்கம் என்று தெரியும்.
போவதற்குக் காரணம்தான் தெரியவில்லை.

எங்கள் ஊரில் செத்தவர் படத்தை
ஒரு தாளில் அச்சிட்டு ஒட்டுவார்கள்,
வீட்டுக் கதவில், விளக்குக் கம்பத்தில்,
பேருந்து நிறுத்தத்தில்.
நாற்பதாம் நாள், ஆறாம் மாதம், வருஷம் என்று
புதுத் தாள் வந்துகொண்டே இருக்கும்.
எங்கள் கட்டடக் கதவில் ஏழு முகம்.
மூன்றாம் மாடி போரிஸ்லாவ்,
அவனுக்கும் இதயம்தான்.
அவன் பக்கத்தில் ஒரு தாள் அளவு
இடம் காலி.
எந்தப் படத்தைக் கொடுப்பாள் ருமியானா
என்று யோசித்தபடி சாவியைத் திருப்பினேன்.
பயமில்லை. அதுதான் விஷயம்.
பயம் வந்திருந்தால்
மாத்திரையை விழுங்கியிருப்பேன்.

செப்டம்பரில் பால்கனிதோறும்
குடைமிளகாய் சுடும் வாசனை.
ருமியானா தனியாகச் சுட்டாள்,
தனியாகத் தோலுரித்தாள்,
தனியாக ஜாடிகளை மூடினாள்.
நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.
குளிர்காலக் கோட்டை வெயிலில் போட எடுத்தவள்
பைக்குள் கைவிட்டாள்:
வெள்ளை, ரோஸ், பாதியாய் உடைத்தது.
இருபத்தொரு நாள் மாத்திரைகள்.
அவள் கத்தவில்லை.
மேசைமேல் கொட்டிச்
சில்லறை எண்ணுவதுபோல் எண்ணினாள்.
பிறகு என் ஷூவைக் கொண்டுவந்து
கட்டிலருகே வைத்தாள்.

கிளினிக்கில் புது நர்ஸ், லெஸ்யா,
போருக்குத் தப்பி ஒதேசாவிலிருந்து வந்தவள்.
கையில் கேள்வித்தாள்.
"கடந்த இரண்டு வாரத்தில்
எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா?"
தலையை இடவலமாக ஆட்டினேன்.
'இல்லை' என்று எழுதினாள்.
"விடியாமலே இருந்தால் தேவலை என்று தோன்றியதா?"
மறுபடி இடவலமாக.
மறுபடி 'இல்லை'.

போகட்டும், விடு.
எக்கோவில் நான் நன்றாக இருக்கிறேன்.
இப்போது இந்தத் தாளிலும்.

தாளைத் திருப்பப் போனவள் நின்றாள்.
பேனா நுனியைக் கடித்தாள்.
இந்த நாட்டில் இடவலமாக ஆட்டினால் ஆம்,
மேலும் கீழும் ஆட்டினால் இல்லை.
சந்தையில் தக்காளி வாங்கும்போது
யாரோ அவளைப் பார்த்துச் சிரித்தது
நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.
எழுதியதை அடித்தாள். இரண்டையும்.
நாற்காலியை மேசைக்கு
இந்தப் பக்கம் இழுத்துப் போட்டாள்.
அவளுடைய பல்கேரிய மொழி இன்னும் நொண்டுகிறது.
"எவ்வளவு நாள்?" என்று மட்டும் கேட்டாள்.

இதயத்தை எத்தனையோ பேர் பார்த்துவிட்டார்கள்,
திரையில், தாளில், குழாய்க்குள்ளிருந்து.
நெஞ்சை யாரும் கேட்கவில்லை.
"ஜூனிலிருந்து," என்றேன்.
என் குரல் எனக்கே
பக்கத்து அறையில் கேட்டதுபோல் இருந்தது.

இப்போது மாத்திரை ஒன்று கூடியிருக்கிறது.
செவ்வாய்தோறும் ஒரு பெண் டாக்டரோடு பேசுகிறேன்,
பெரும்பாலும் வண்டிகளைப் பற்றி.
எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன்.
இது மூன்று நிமிஷ வேலை இல்லை.
கொம்பு கம்பியைத் தேடித் தேடி உரசுகிறது,
சில நாள் பொறி பறக்கிறது,
சில நாள் மறுபடி எகிறிவிடுகிறது.

நேற்று இரவு ருமியானா
ஒரு ஜாடியைத் திறந்தாள்.
"கொஞ்சம் வைக்கட்டுமா?"
வாயைத் திறக்கச் சோம்பல்.
இடவலமாக ஆட்டினேன்.
வைத்தாள்.